நூற்று இருபத்தேழு பற்கள்

மார்ச் 4, செவ்வாய்

திருகு திரும்பி வந்துவிட்டது. இரண்டு மீட்டர் நீளம். போன வாரம் எண்ணெய் பூசி, சாக்கு சுற்றி, நானே வண்டியில் ஏற்றி அனுப்பியது. கல் அறுக்கும் கொட்டகைக்காரர் (பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'கல்காரர்') அதே சாக்கோடு கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்.

"உங்க திருகு சோம்பேறிங்க. பழைய திருகு போற அளவுக்கு இது போக மாட்டேங்குது."

அவருடைய இயந்திரத்தில் கல்லுக்கு மேலே ஓர் உத்தரம். அதை இடமும் வலமும் இரண்டு நீளத் திருகுகள் தள்ளுகின்றன. இடது பழையது. வலது நான் வெட்டியது. இரண்டும் ஒன்றாகச் சுற்றினால் உத்தரம் நேராக நகர வேண்டும். முக்கால் தூரம் போய், கோணிக்கொண்டு இறுகி நின்றுவிடுகிறதாம்.

போர்மேன் திருகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் ரிஜெக்ட் நோட்டை எடுத்தார். காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. 'யார் கை' என்ற கட்டத்தில் என் பெயர்.

மார்ச் 31-ல் எனக்கு ஆறு மாத சோதனைக்காலம் முடிகிறது. அந்த நோட்டில் பெயர் ஏறியவனுக்கு நிரந்தரம் கிடையாது. போன வருடம் ஒருவரை அதைப் பிரித்துக் காட்டித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இது எனக்கு மூன்றாவது இடம். முதல் இரண்டும் வாயால் போனவை. அம்மா கேட்டாள், "இந்தத் தடவையும் வாயா?" இல்லை, கை என்றேன். அவளுக்குச் சற்று நிம்மதியாக இருந்ததுபோல் பட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 5, புதன்

கவனக்குறைவாம். வேலை முடிந்ததும் உட்கார்ந்து திருகை அளந்தேன். 1800 மில்லிமீட்டருக்கு 0.22 குறைகிறது. பாதி தூரத்தில் 0.11. கால் தூரத்தில் அதில் பாதி. அடி பிசகாமல் ஒரே சீராகக் குறைகிறது.

கை தவறினால் இப்படியா குறையும்? அங்கங்கே தாறுமாறாக அல்லவா இருக்கும். இத்தனை ஒழுங்காகத் தப்புச் செய்ய எனக்குத் தெரியாது.

லேத்தில் திருகுக்கு மரை வெட்டும்போது கைக்கு வேலையே இல்லை. உள்ளே மாட்டும் கியர்கள்தான் அளவைத் தீர்மானிக்கின்றன. எதற்கு எதை மாட்டுவது என்று லேத்தின் பக்கக் கதவுக்குள் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. போர்மேன் எழுதியது. அதைப் பார்த்துத்தான் மாட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். பேருந்தில் நின்றுகொண்டே. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் லேத் மில்லிமீட்டர் லேத். கல்காரரின் இயந்திரம் அங்குல இயந்திரம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதாவது 127-ஐ ஐந்தால் வகுத்தது. ஆக அங்குல மரை சுத்தமாக வர வேண்டுமானால் கியர் வரிசையில் எங்காவது ஒரு 127 இருந்தே தீர வேண்டும். வேறு எண்களைப் பெருக்கி அதை உண்டாக்க முடியாது, ஏனென்றால் 127 பகா எண். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று — எதற்கும் மசியாது.

எங்கள் பட்டறையில் 127 பல் கியர் இல்லை. அட்டவணையில் 127-க்கு 100 என்று வர வேண்டிய இடத்தில் 80-க்கு 63 என்று இருக்கிறது. 127-ஐ 63-ஆல் பெருக்கினால் 8001. 80-ஐ நூறால் பெருக்கினால் 8000. அந்த ஒன்றை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள். எட்டாயிரத்துக்கு ஒன்று குறைவு.

1800-ஐ எட்டாயிரத்தால் வகுத்தால் 0.225.

நான் அளந்தது 0.22.

ஓடிப்போய்க் காட்டினேன். போர்மேன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். "எட்டாயிரத்துல ஒண்ணுதானே தம்பி. கிட்டத்தட்ட சரிதானே?"

இந்த மனிதருக்குப் பட்டறையில் பெயரே 'கிட்டத்தட்ட'. எதை அளந்து காட்டினாலும் அந்த ஒரு சொல்தான் வரும். சொந்தக் கல்யாணத்துக்கே கிட்டத்தட்ட நேரத்துக்குத்தான் போனார் என்று சொல்வார்கள்.

"கிட்டத்தட்ட சரின்னா கிட்டத்தட்டத்தான் சார் ஓடும். தப்பு அட்டவணைல. நோட்டுல என் பேரை அடிங்க."

"இந்த அட்டவணைய வெச்சு எத்தனை ஆயிரம் போல்ட் போயிருக்கு தெரியுமா? ஒண்ணு திரும்பி வந்துச்சா?"

திரும்பி வராது. போல்ட் விரல் நீளம். விரல் நீளத்தில் எட்டாயிரத்தில் ஒன்று யார் கண்ணுக்குத் தெரியும்? இதை நான் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன். கூடவே இன்னும் இரண்டு வார்த்தை. எழுத வேண்டாம்.

மார்ச் 7, வெள்ளி

போர்மேன் பேசவில்லை. நானும் பேசவில்லை. பெயர் நோட்டிலேயே இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வீட்டுத் தரை முழுக்கச் சீட்டுகளைப் பரப்பி இறகுப்பந்துப் போட்டிக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். அட்டவணை என்ற சொல்லே எனக்கு இப்போது ஆகவில்லை.

"நூத்தி இருபத்தெட்டு பேரு. தோத்தா வெளிய. மொத்தம் எத்தனை மேட்ச்னு சொல்லு, பெரிய கணக்குப் புலி."

அறுபத்து நான்கு, முப்பத்திரண்டு, பதினாறு என்று கூட்டத் தொடங்கினேன்.

"எதுக்குக் கூட்டறே? ஒருத்தி ஜெயிக்கணும்னா மத்தவங்க எல்லாம் தோக்கணும். ஒரு மேட்சுக்கு ஒருத்தி தோப்பா. நூத்தி இருபத்தேழு. முடிஞ்சுது."

இந்தச் சனியன் ஞாயிற்றுக்கிழமையும் விடாது போல. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உனக்கு ஏத்த நம்பர்தான். யாரோடயும் ஒத்துப் போகாது" என்றாள்.

தனியாக உட்கார்ந்து பார்த்தால், கேவலமாக அழகான எண். 64-ல் ஒன்று குறைந்தால் 63. அது மூன்றால் வகுபடும், ஏழால் வகுபடும், எல்லோருக்கும் தலையாட்டும். அதை இரட்டித்து ஒன்று கூட்டினால் 127. எதற்கும் தலையாட்டாது. இரண்டை இரண்டு முறை பெருக்கி ஒன்று கழித்தால் 3. மூன்று முறை பெருக்கிக் கழித்தால் 7. ஏழு முறை பெருக்கிக் கழித்தால் 127. மூன்றுமே பகா எண்கள். ஒவ்வொன்றும் அடுத்ததைப் பெற்றுப் போட்டிருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்ய? உத்தரம் நகருமா?

மார்ச் 10, திங்கள்

கல்காரர் தொலைபேசியில் போர்மேனிடம் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் சரியான திருகு, இல்லையென்றால் வேறு பட்டறை.

127 பல் கியர் வெளியிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும். நாமே வெட்டலாம் என்றேன். போர்மேன் உடனே பிடித்துக்கொண்டார். "நீதானே சொன்னே. நீயே பாத்துக்கோ. இதுவும் திரும்பி வந்தா ரெண்டாவது வரி எழுத வேண்டியிருக்கும்."

சரி என்றேன். வாய்.

மார்ச் 12, புதன்

வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்க மில்லிங் இயந்திரத்தில் ஒரு கருவி இருக்கிறது, டிவைடிங் ஹெட். ஓட்டைகள் போட்ட ஒரு தட்டு, அதன் மேல் ஒரு கைப்பிடி. இத்தனை ஓட்டை நகர்த்தினால் ஒரு பல் என்று கணக்கு. 120 பல் வரும். 128 வரும். 130 வரும். 127 வராது. அதற்கேற்ற தட்டு கிடையாது. எப்படி வரும்? அதைப் பிரிக்க அதுவேதான் வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது. 120-க்கு நகர்த்துவது போலவே நகர்த்த வேண்டும். ஆனால் நாம் கைப்பிடியைச் சுற்றும்போது தட்டும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சுற்றும்படி பின்னால் கியர் மாட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் இம்மி இம்மியாகக் குறைந்து, முழு வட்டம் முடியும்போது ஏழு பல் கூடுதலாக வந்திருக்கும். 56-ம் 24-ம் மாட்டினால் போதும். நடுவில் ஐட்லர் — ஒன்றும் செய்யாமல் திசையை மட்டும் மாற்றிவிடும் சக்கரம்.

மில்லிங் அக்காவிடம் கணக்கைக் காட்டினேன். அந்த இயந்திரம் அவருடையது, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எண்ணிக்கொண்டிருக்கும்போது இடியே விழுந்தாலும் பேச மாட்டார். பத்துப் பல்லுக்கு ஒரு சாக்குக்கட்டிக் கோடு போடுவார். ஒரு கியருக்கு இரண்டு நாள் ஆக்குவார். பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கால் பதறும்.

"கணக்கு நல்லாத்தான் இருக்கு, இன்ஜினியர் சார். ஐட்லர் ஒண்ணா ரெண்டா?"

"அதான் திசை பாத்து வெச்சுக்கலாம்ல."

"நாளைக்கும் நாளன்னைக்கும் நான் லீவு. சனிக்கிழமை வந்து வெட்டலாம். அதுவரைக்கும் கை வெக்காதீங்க."

இரண்டு நாள். எனக்கிருப்பதே பத்தொன்பது.

மார்ச் 14, வெள்ளி

வெட்டிவிட்டேன்.

காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடித்தேன். சாக்குக்கட்டி இல்லை, கோடு இல்லை. கைப்பிடி, வெட்டு, கைப்பிடி, வெட்டு. கடைசிப் பல் வரும்போது கொஞ்சம் பயம்தான். கணக்கு தவறியிருந்தால் கடைசி இடைவெளி குறுகியோ அகன்றோ வந்து மானத்தை வாங்கும். வரவில்லை. கடைசிப் பல் முதல் பல்லோடு வந்து மூடியது பாருங்கள் — மயிரிழை பிசகில்லை.

யாரைப் 'பாருங்கள்' என்கிறேன்? நல்ல மனநிலை.

மார்ச் 15, சனி

மில்லிங் அக்கா வந்தார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கியரைப் பார்த்தார்.

"பல்லு ஏன் இவ்ளோ தடிச்சிருக்கு?"

"எங்க தடிச்சிருக்கு?"

"எண்ணினீங்களா?"

"எதுக்கு எண்ணணும்? கடைசிப் பல்லு சரியா மூடிடுச்சுக்கா. தப்பா இருந்தா மூடுமா?"

அவர் சாக்குக்கட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். எண்ணினேன்.

நூற்றுப் பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதின்மூன்று.

எழுதும்போதே கை கூசுகிறது. 120-உடன் ஏழு கூட்டினால் 127. 120-இல் ஏழு கழித்தால் 113. இரண்டு ஐட்லர் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். தட்டு எதிர்ப்பக்கம் சுற்றாமல் கூடவே சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு பல்லிலும் குறைய வேண்டியது கூடியிருக்கிறது. 113-உம் வட்டத்தைச் சுத்தமாகத்தான் பிரிக்கும். மூடாமல் என்ன செய்யும்? தப்பான எண்ணும் அழகாக மூடும். அட முட்டாளே, எண்ணித் தொலைத்திருக்கலாமே. விரல் இருக்கிறது, கண் இருக்கிறது, நூறுக்கு மேல் எண்ணத் தெரியாதா உனக்கு. ஒரு ஐட்லர்டா. ஒண்ணே ஒண்ணு.

113-உம் பகா எண். அதையும் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

மில்லிங் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "கை வெக்காதீங்கன்னு சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியால் மேசையைத் துடைத்தார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

எதுவும் பிடிக்கவில்லை. தங்கை, "நம்பரோட சண்டையா?" என்றாள். என்னோடு என்றேன். "அப்ப நான் நடுவுல வரலை" என்று போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

காலையில் நான் போவதற்குள் போர்மேன் கியரைப் பார்த்துவிட்டார். மில்லிங் மேசை மேல் கிடந்ததால் எவரிடமும் கேட்கவில்லை. ரிஜெக்ட் நோட்டில் புது வரி: 'கியர், பல் எண்ணிக்கை தவறு. யார் கை: மில்லிங்.'

மில்லிங் அக்கா அந்தப் பக்கம் திரும்பி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் அந்த நோட்டில் ஏறியதே இல்லையாம். கடைசல் பகுதியில் ஒருவர் சொன்னார்.

"ஏங்க்கா, சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? வெட்டினது நானா?"

ஒரு மணி நேரம் லேத் ஓட்டினேன். உண்மையில் ஓட்டவில்லை, ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா இருந்தால் என் பெயரில் ஒரு வரிதான். அந்த ஒரு வரியை அடிக்க வைக்க என் கையில் கணக்கு இருக்கிறது. முதலாளியிடமே எடுத்துப் போகலாம். 31-ஆம் தேதி நிரந்தரம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடினால் லாபம்.

போனேன். நோட்டை எடுத்தேன். 'மில்லிங்' என்பதை அடித்து என் பெயரை எழுதினேன். காரணத்தில் 'ஐட்லர் ஒன்று குறைவு. எண்ணவில்லை' என்று சேர்த்தேன். பிறகு மேலே உள்ள வரியில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்பதை அடித்து 'அட்டவணை: 8000-க்கு 1 குறைவு' என்று எழுதினேன்.

போர்மேன் பின்னால் நின்றிருக்கிறார்.

"என்னப்பா இது? என்னோடதுங்கறே ஒண்ண, என்னோடது இல்லேங்கறே ஒண்ண."

"ரெண்டும் நிஜம் சார்."

"நோட்டுல நான்தான் எழுதணும்."

"அப்ப எழுதுங்க."

அவர் எழுதவில்லை. அடிக்கவும் இல்லை. நோட்டை மூடி இழுப்பறையில் போட்டார்.

மார்ச் 20, வியாழன்

127. நான் மூன்று முறை எண்ணினேன். மில்லிங் அக்கா ஒரு முறை.

இரண்டு நாள் ஆயிற்று. இடையில் நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன், அவர் சாக்குக்கட்டியை உயர்த்திக் காட்டினார். மூடிக்கொண்டேன். வெட்டும்போது மொத்தம் பன்னிரண்டு கோடுகள், பிறகு ஏழு பல்.

மார்ச் 25, செவ்வாய்

புதுத் திருகு முடிந்தது. 1800-க்கு அளந்தேன். என் அளவுகோலுக்குத் தெரிகிற பிழை எதுவும் இல்லை. போர்மேனிடம் சொன்னேன். "ம்" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

கல்காரரின் கொட்டகை. எங்கும் வெள்ளைத் தூள். மூச்சுவிட்டால் மூக்கில் சுண்ணாம்பு. திருகை மாட்டி மோட்டாரைப் போட்டார். உத்தரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், நின்று, திரும்பி வந்தது. அவர் மறுபடி ஓடவிட்டார். மூன்றாம் முறையும். முக்கால் தூரம் வரும் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தேன், உத்தரம் இறுகவில்லை.

கல்காரர் பாராட்டவெல்லாம் இல்லை. "டீ சாப்பிடறீங்களா?" என்றார். டீயிலும் கல் தூள்.

மார்ச் 31, திங்கள்

நிரந்தரம் இல்லை. சோதனைக்காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. தாளில் காரணம்: 'பதிவேட்டில் ஒரு வரி.'

ஒரு வரி. இரண்டு அல்ல. நோட்டைப் போய்ப் பார்த்தேன். மேல் வரியில் நான் எழுதியதற்குப் பக்கத்தில் போர்மேனின் சிறிய கையெழுத்து. 'யார் கை' கட்டத்தில் என் பெயர் அடிக்கப்பட்டு, எதுவும் எழுதாமல் காலியாக விடப்பட்டிருக்கிறது.

தன் பெயரை எழுதியிருக்கலாமே? கேட்கப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. களைப்பு.

லேத்தின் பக்கக் கதவைத் திறந்தேன். அட்டவணையில் 63-க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: 'ஒரு அடிக்கு மேல் போனால் 127 மாட்டவும்.' ஒரு அடி! ஒரு அடியிலேயே 0.04 போய்விடும். போல்ட்டுக்குப் போதும்தான். ஆனாலும்.

மூன்று மாதம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கிட்டத்தட்ட நிரந்தரம் என்றா?

ஏப்ரல் 22, செவ்வாய்

புது வேலை. ஒரு மீட்டர் நீளத் திருகு, அதன் மேல் ஒரு பல் சக்கரம் உருண்டு போக வேண்டும். இந்த வகைத் திருகுக்கு மரையின் இடைவெளியில் பை வந்துவிடும். வட்டத்தின் சுற்றளவுக்கு வருமே, அதே பை. அட்டவணையில் போர்மேன் 22-ம் 7-ம் போட்டிருக்கிறார். ஒரு மீட்டரில் 0.4 மில்லிமீட்டர் அதிகமாகிவிடும். மறுபடியுமா?

உணவு இடைவேளை முழுக்கக் கணக்குப் போட்டேன். 333-ஐ 106-ஆல் வகுத்தால் பரவாயில்லை. அதைவிட நல்லது 355-ஐ 113-ஆல் வகுப்பது.

நூற்றுப் பதின்மூன்று.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். 355 என்பது ஐந்து எழுபத்தொன்று. 71-இல் ஒரு கியர் வேண்டும் (அதுவும் பகா எண், அதையும் வெட்டித் தொலைக்க வேண்டும்). இன்னொன்று 113. ஒரு மீட்டருக்கு வரும் பிழை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

போர்மேனிடம் போனேன். தாளை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது சுத்தமா வருமா?"

"வராது சார். பை எந்தக் கியருக்கும் சுத்தமா வராது. எத்தனை பல்லு வெச்சாலும் வராது."

"அப்புறம்?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "கிட்டத்தட்ட சார்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இரண்டு அடி நடந்துவிட்டு, "எத்தனைல ஒண்ணு?" என்று கேட்டார். இதுவரை அவர் இப்படிக் கேட்டதே இல்லை.

"கோடில ஒண்ணுக்கும் கம்மி சார்."

"வெட்டு."

ஏப்ரல் 25, வெள்ளி

தப்பாக வெட்டிய கியரை நானே ஆணி அடித்து லேத்துக்கு மேல் மாட்டியிருந்தேன், புத்தி வருவதற்காக. இன்று இறக்கினேன். அதன் பற்கள் எதற்கும் உதவாது. 127-க்கான வட்டில் 113 பல், எந்தக் கியரோடும் கடிக்காது. ஆனால் 113-க்குச் சின்ன வட்டம் போதும். லேத்தில் பிடித்து அந்தத் தடித்த பற்களையெல்லாம் கடைந்து எறிந்தேன். மொழுமொழுவென்று புது வட்டு வந்துவிட்டது.

மில்லிங் மேசைக்கு எடுத்துப் போனேன். 120-க்கான அதே ஓட்டைகள். அதே 56, அதே 24. மில்லிங் அக்கா குனிந்து பின்பக்கம் பார்த்தார்.

"ஐட்லர்?"

"ஒண்ண எடுத்துட்டேன்கா."

"அன்னைக்கு வெச்ச மாதிரியேவா?"

"அப்படியே. அன்னைக்கு எப்படித் தப்போ அப்படியே."

கைப்பிடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். தட்டும் கூடவே நகர்ந்தது.

"ஆமா, நல்லா தப்பாத்தான் இருக்கு" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "எண்ணுங்க."